கடைமடை ஊர்களுக்கு முதலில் வழி திறக்கட்டும்

கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. விடிவதற்குள் பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கமாக மேற்கே போய்விட்டது. தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. மரத்துக்கு எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, படகுக்கு எவ்வளவு என்று பிறகு நிறையப் பேசினோம். உள்கிராமச் சாலைகள் எத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தன, ஏன் கிடந்தன என்று கேட்டவர்கள் குறைவு. டெல்டாவில் அடுத்த புயலுக்கு முன் பதில் வாங்கியாக வேண்டிய கேள்வி அதுதான்.

அரசு அன்று கைகட்டி நிற்கவில்லை. புயலுக்கு முன்பே எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்து வந்தார்கள். அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலினே அதைப் பாராட்டினார். பாராட்டுக்குரிய வேலைதான், அது நடக்காவிட்டால் உயிரிழப்பு பல மடங்கு ஆகியிருக்கும். ஆனால் அடுத்த நாளே காட்சி மாறியது. தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, அதிகாரி யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஊர் ஊராகச் சாலை மறியல். புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. போலீஸ் வந்து ஆட்களைப் பிடித்துச் சென்றது. வாகனத்தைக் கொளுத்துவதை நாம் நியாயப்படுத்தவில்லை. புயலுக்கு முன் அரசை நம்பி முகாமுக்குப் போன மக்கள், இரண்டே நாளில் அதே அரசோடு மோதும் நிலைக்கு எப்படி வந்தார்கள் என்பதைத்தான் யோசிக்கச் சொல்கிறோம்.

டெல்டாவின் உள்ளூர்ச் சாலையை அறிந்தவர்களுக்கு விடை தெரியும். பெரும்பாலும் அது ஆற்றின் கரையிலோ வாய்க்கால் கரையிலோ போட்ட சாலை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சம்பா நட்ட வயல், ஓரத்தில் புளியும் தூங்குமூஞ்சியும். கடலோரமாகப் போனால் சவுக்கும் தென்னையும். ஒரு மரம் குறுக்கே சாய்ந்தால் சுற்றிப் போக இடம் கிடையாது. கஜாவில் ஒரு மரமா சாய்ந்தது? பர்லாங்குக்குப் பத்து மரம் கிடந்த சாலைகள் உண்டு. சாய்ந்த மரத்துக்குள் மின்கம்பி சிக்கிக் கிடக்கும். நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் ரம்பத்தோடு வந்தாலும், லைன் ஆஃப் என்று மின்வாரியம் சொல்லாமல் கை வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது. செல்போன் கோபுரம் செத்துக் கிடக்கும்போது அந்த ஒரு வார்த்தையை வாங்கி வர ஆள் போக வேண்டும். ஆள் போகச் சாலை வேண்டும்.

மற்ற எல்லாமே இந்த முடிச்சில்தான் சிக்கிக்கொண்டன. வேதாரண்யம் பகுதிக்குக் குடிநீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி ஏறாது. ஊர்க்காரர்கள் பணம் பிரித்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தார்கள். ஜெனரேட்டர் வரவும் அதற்கு டீசல் வரவும் வழி வேண்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் சேற்று வயலுக்குள் கம்பத்தைத் தோளில் சுமந்து போனார்கள். அவர்கள் உழைப்புக்கு டெல்டா என்றும் கடன்பட்டது. கம்பத்தை வண்டியில் கொண்டுபோய் இறக்க முடிந்திருந்தால் எத்தனை ஊரில் எத்தனை நாள் முன்னதாக விளக்கு எரிந்திருக்கும்! வேதாரண்யத்துக்கு அன்று ரயிலும் இல்லை. அகல ரயில் பாதைக்காக மூடிய திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி வழித்தடம் 2023 ஏப்ரலில்தான் திறந்தது.

சென்னை, மதுரை, கோவை என்று எங்கிருந்தெல்லாமோ இளைஞர்கள் லாரி பிடித்து அரிசியும் பாயும் மெழுகுவத்தியும் கொண்டு வந்தார்கள். நல்ல மனம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையும் பெரிய பாதைகளும் எதுவரை திறந்திருந்ததோ அதுவரைதான் லாரி வந்தது. சாலையோர ஊர்களில் ஒரே வீட்டுக்கு மூன்று முறை பொருள் கிடைத்தது. புஷ்பவனத்தில் கடல் கொண்டுவந்து கொட்டிய சேறு தெருக்களை மூடிக் கிடந்தது. வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி, கோடியக்காடு, சேதுபாவாசத்திரத்து உள்கிராமங்கள் காத்துக் கிடந்தன. ஊர்த்தெருவுக்கும் அப்பால், மண்சாலை முடியும் இடத்தில் இருக்கும் காலனித் தெருக்களுக்கு எல்லாமே கடைசியில்தான். 2004 சுனாமியின்போதும் நாகை சாலையோரங்களில் பழைய துணி மலைபோல் குவிந்து வீணானதைக் கண்டோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் மெலிந்துபோவதுபோல நிவாரணமும் மெலிந்துபோகிறது. கூலி வேலைக்குப் போகிறவன் வீட்டுக்கு அது வந்து சேரும்போது மிச்சம் அதிகம் இருப்பதில்லை.

ஆகவே நாம் சொல்வது இது: புயல் நிவாரணத்தில் முதல் செலவு சாலை திறப்பதற்கு ஆகட்டும். உணவுப் பொட்டலத்துக்கும் முன்னால் அது வரட்டும். அதற்கான கருவிகள் மாவட்டத் தலைநகரில் இருந்து பயனில்லை, ஊராட்சியில் இருக்க வேண்டும். மரம் அறுக்கும் இயந்திரம் இரண்டு, மாற்றுச் சங்கிலிகள், பெட்ரோல், கயிறு. தென்னை மரத்தின் நார் அறுக்க அறுக்கச் சங்கிலியை மழுக்கிவிடும் என்பது தோப்புக்காரர் எல்லோருக்கும் தெரியும். உள்ளூரில் தென்னை வெட்டத் தெரிந்த ஆட்கள் பத்துப் பேருக்குப் பயிற்சியும் காப்பீடும் நாள் கூலியும் கொடுத்துப் பெயர் எழுதி வைக்கட்டும். கூலி கொடுக்காமல் தன்னார்வம் என்று சொல்லி வேலை வாங்குவது அநியாயம். மூன்று நான்கு ஊராட்சிக்கு ஒரு பொக்லைன், புயல் எச்சரிக்கை வந்த அன்றே வந்து நிற்கும்படி முன்கூட்டியே வாடகை பேசி முடிக்கட்டும். கம்பியைத் துண்டித்துவிட்டோம் என்று அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் அதிகாரமுள்ள மின்வாரிய ஊழியர் ஒருவர் அந்தக் குழுவோடு இருக்கட்டும். இடிபாடு அகற்றும் செலவுக்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளிலேயே இடம் உண்டு.

இது ஆகாத காரியம் என்று சொல்ல முடியாது. 1999 அக்டோபரில் ஒடிசாவைச் சூறையாடிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். எரசமா போன்ற கடலோரப் பகுதிகள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அந்த மாநிலம் 2001-இல் தனக்கென ஒரு பேரிடர் விரைவுப் படையை உருவாக்கியது. மரம் அறுத்துச் சாலை திறப்பது அதன் தலையாய வேலைகளில் ஒன்று. 2019 மே மாதம் ஃபானி புயல் வந்தபோது அந்த உழைப்பின் பலனை நாடே பார்த்தது.

சாலையை உயர்த்திப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். டெல்டாவில் அது ஆபத்து. குறுக்கே போதிய குழாய்ப்பாலமும் மதகும் இல்லாமல் உயர்த்தினால் சாலையே அணையாகி, மேல்பக்கத்து வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகும். சாலையோர மரங்களை மொத்தமாக வெட்டிவிடலாம் என்பதும் தவறு. ஆவணியிலேயே கிளை கழித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகும் வேலை உலக வங்கிக் கடனில் நடந்தது. அது நகரங்களோடு நிற்கக்கூடாது. குடிநீர் நிலையத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகும் கம்பிகளாவது கிராமங்களில் மண்ணுக்குள் போகட்டும்.

இவற்றையெல்லாம் யார் பொறுப்பேற்றுச் செய்வது? கஜா வந்தபோது டெல்டாவின் எந்த ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி, எந்த வாய்க்கால் பாலம் லாரி தாங்காது, யாரிடம் ரம்பம் இருக்கிறது என்று அறிந்த ஒரு நபருக்கு, பணம் செலவிடும் அதிகாரமும் மக்களிடம் பதில் சொல்லும் கடமையும் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. ஒரு தனி அலுவலரின் பொறுப்பில் பல ஊராட்சிகள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சாலை அடைபட்டால் எல்லா ஊருக்கும் போக முடியாது. கிராம நிர்வாக அலுவலர்கள் பலர் இரவு பகல் பாராமல் ஓடினார்கள். ஆனால் பொக்லைனுக்கு நூறு ரூபாய் டீசல் போடக்கூட அவர்களிடம் நிதி கிடையாது. இவ்வளவு பட்ட பிறகும் 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்ததும் ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்களின் கைக்குப் போயின. அந்த ஆண்டுப் பருவமழையையும் தலைவர் இல்லாமலே எதிர்கொண்டன. புயல் மாதங்களில் கடலோர ஊராட்சிகளைத் தலைவரின்றி விடுவதை இந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம் என்றே கருதுகிறோம். உள்ளாட்சித் தேர்தலை எந்தக் காரணம் சொல்லியும் தள்ளிப்போடக் கூடாது.

கஜாவுக்காகத் தமிழக அரசு கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். ஒன்றிய அரசு 2018 டிசம்பர் இறுதியில் அனுமதித்தது 1,146 கோடி. தில்லியில் பணம் கேட்டுப் போராடுவது தேவைதான். ஊராட்சிக்கு இரண்டு ரம்பமும் ஒரு பட்டியலும் கொடுக்கத் தில்லியின் தயவு வேண்டியதில்லை. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், மயிலாடுதுறை, புதுக்கோட்டை ஆட்சியர்கள், கடலோர ஊராட்சி ஒவ்வொன்றிலும் முதலில் திறக்க வேண்டிய சாலை எது, அதைத் திறக்கப்போகிறவர்கள் யார், கருவி எங்கே இருக்கிறது, டீசலுக்குப் பணம் யார் கையில் என்பதை எழுதி, ஆகஸ்ட் 15 கிராமசபையில் மக்கள் முன் வாசிக்க உத்தரவிட வேண்டும். காலனித் தெருவுக்குப் போகும் மண்சாலை அந்தப் பட்டியலில் இல்லை என்றால் கிராமசபை அதை ஏற்க மறுக்க வேண்டும்.