செல்போனுக்கு ஆன்டி வைரஸ் வாங்கத்தான் வேண்டுமா?



நமது உறுப்பினர்கள் பலர் அண்மைக் காலமாகக் கேட்டு வரும் கேள்வி ஒன்று உண்டு. "கடைக் கம்ப்யூட்டருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டி ஆன்டி வைரஸ் போடுகிறோம். இப்போது வசூல், கொள்முதல், கணக்கு எல்லாமே செல்போனிலும் டேப்லெட்டிலும் நடக்கிறது. அவற்றுக்கும் வாங்கிப் போட வேண்டாமா?" என்கிறார்கள். சங்கமே மொத்த விலையில் வாங்கி உறுப்பினர்களுக்கு வழங்கலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். ஆனாலும் சங்கம் அதை ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

முதலில், ஆபத்தின் அளவைச் சரியாகப் புரிந்துகொள்வோம். யு.பி.ஐ. முறை 2016-ல் வந்தது. இன்று பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்குபவரும் ஸ்கேன் செய்துதான் பணம் தருகிறார். மரக் கல்லாவை ஒருவன் உடைத்தால் அன்றைய வசூல் மட்டுமே போகும். செல்போன் வழியாக வங்கிக் கணக்கில் கை வைத்தால், வாரக் கடைசியில் மண்டிக்குக் கட்ட வைத்திருந்த முதலே போய்விடும். ரூபாய்க்கு 5 காசு நிற்கும் வியாபாரத்தில் 50,000 ரூபாய் போனால், அதை மீட்க 10 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். ஆகவே பாதுகாப்பு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. எந்தப் பாதுகாப்பு என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டர் வேறு, செல்போன் வேறு

பழைய கம்ப்யூட்டர் முறை ஒரே பெரிய கிடங்கு போன்றது. உள்ளே நுழைந்த எந்த நிரலும் எந்த மூட்டையையும் அவிழ்க்க முடிந்தது. ஆகவே கிடங்கு முழுவதும் சுற்றி வரும் காவலாளி தேவைப்பட்டார். அவர்தான் ஆன்டி வைரஸ். கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாதுகாப்பை யாரும் எடுத்துவிட வேண்டாம். நான் பேசுவது செல்போனையும் டேப்லெட்டையும் பற்றி மட்டுமே.

செல்போனின் அமைப்பு வணிக வளாகம் போன்றது. ஒவ்வொரு ஆப்பும் தனிக் கடை. நடுவில் சுவர், முன்னால் ஷட்டர். ஒரு கடைக்காரர் அடுத்த கடைக்குள் போக முடியாது. நாம் பணம் கொடுத்து வாங்கும் ஆன்டி வைரஸும் இந்த வளாகத்தில் இன்னொரு கடைதான். ஐபோன், ஐபேடில் அது மற்ற ஆப்களைச் சோதிக்கவே முடியாது. ஆப்பிள் அதற்கு இடம் தரவில்லை. அந்தப் பெயரில் அங்கே விற்பவை மோசமான இணையதளங்களைத் தடுப்பது போன்ற வேறு வேலைகளைத்தான் செய்கின்றன. ஐபோன் வைத்திருப்பவர் இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை.

ஆண்ட்ராய்டு போனில் ஆன்டி வைரஸால் ஓரளவு பார்க்க முடியும். என்னென்ன ஆப்கள் உள்ளன, அவற்றில் ஏற்கெனவே கெட்டது என்று தெரிந்தது ஏதேனும் உண்டா என்று ஒப்பிட்டுச் சொல்லும். ஆனால் இந்த வேலையை 2017 முதல் கூகுளின் பிளே புரொடெக்ட் இலவசமாகச் செய்து வருகிறது. பிளே ஸ்டோர் உள்ள போன்களில் அது கூடவே வருகிறது. வெளியிலிருந்து ஏற்றிய ஆப்களையும் சோதிக்கிறது. வளாகத்துக்கே காவலாளி இருக்கும்போது, வராந்தாவில் நின்று பெயர்ப் பலகை படிக்க இன்னொருவருக்குச் சம்பளம் எதற்கு?

இந்தச் சரக்கிலும் போலி உண்டு

நமக்குத் தெரியாத போலிச் சரக்கா? 2014-ல் பிளே ஸ்டோரில் வைரஸ் ஷீல்டு என்ற ஆப் ஏறக்குறைய 4 டாலர் விலைக்கு விற்றது. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இல்லை. விரலால் தொட்டால் பெருக்கல் குறி மாறி 'சரி' குறி வரும். அவ்வளவே அதன் வேலை. கூகுள் அதை நீக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

ஆஸ்திரியாவில் உள்ள ஏவி-கம்பாரட்டிவ்ஸ் என்ற சோதனை நிறுவனம் 2019-ல் ஆண்ட்ராய்டுக்கான 250 பாதுகாப்பு ஆப்களைச் சோதித்தது. நல்ல ஆப்களைக் கெட்டவை என்று சொல்லாமல், கெட்டவற்றில் 30 விழுக்காட்டையாவது பிடித்தவை 80 மட்டுமே. நூறு கலப்பட மூட்டையில் முப்பதைக் கண்டுபிடித்தாலே தேர்ச்சி என்று வைத்தும், மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. இதைவிட மோசமும் நடந்தது. 2022-ல் ஷார்க்பாட் என்ற வங்கித் திருட்டு நிரல் ஆன்டி வைரஸ் வேடத்திலேயே பிளே ஸ்டோருக்குள் நுழைந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

நல்ல நிறுவனங்களின் ஆன்டி வைரஸ்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவை வேலை செய்கின்றன. ஆனால் நம் கடைகளில் பணம் போகும் வழியில் அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை என்பதே என் வாதம்.

திருடன் வரும் வழி

முதல் வழி, வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பு. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சலான், வங்கிக் கே.ஒய்.சி. புதுப்பிப்பு என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரலாம். அவர் போன் ஏற்கெனவே திருடன் கையில் இருக்கும். அழைப்பிதழ் படமாக வரும், பி.டி.எஃப். ஆக வரும், ஒருநாளும் ஏ.பி.கே. ஆக வராது. ஏ.பி.கே. என்பது ஆப்பையே நிறுவும் கோப்பு. நிறுவிவிட்டால் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், வங்கியின் ஓ.டி.பி. அங்கேதான் வருகிறது. சில ஆப்கள் 'ஆக்செசிபிலிட்டி' என்ற அனுமதியையும் கேட்கும். பார்வைக் குறை உள்ளவர்களுக்கு உதவ ஏற்பட்ட வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால், திரையில் உள்ளதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் அந்த ஆப்பால் முடியும். சுவர், ஷட்டர் எல்லாவற்றையும் மீறும் சாவி அது. அதை நாமேதான் கொடுக்கிறோம்.

இத்தகைய அனுமதி கேட்கும் ஆப்களை வெளியிலிருந்து நிறுவ முயன்றால் தடுக்கும் ஏற்பாட்டை, 2024-ல் பிளே புரொடெக்ட் முதலில் சிங்கப்பூரிலும் பின்னர் இந்தியாவிலும் சோதனை முறையில் கொண்டுவந்தது. அதனால்தான் திருடன் போனில் பேசும்போதே, "பிளே புரொடெக்டை அணைத்துவிடுங்கள் சார்" என்று சொல்லிக் கொடுக்கிறான். காவலாளியை வெளியே அனுப்பச் சொல்பவன் யார் என்று நாம் யோசிக்க வேண்டாமா?

இரண்டாம் வழி, எனிடெஸ்க் போன்ற ஆப்கள். இவை கெட்ட ஆப்களே அல்ல. தொலைவிலிருந்து பழுது பார்க்க உதவும் நேர்மையான நிரல்கள். வங்கி ஊழியர் போலப் பேசி இதை நிறுவச் சொல்லி, நம் திரையைத் தன் திரையில் பார்க்கிறான் திருடன். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இது பற்றி எச்சரித்தது. ஆன்டி வைரஸ் இங்கே என்ன செய்யும்? அதன் கண்ணுக்கு இது முத்திரையிட்ட எடைக்கல்.

மூன்றாம் வழியில் போனையே தொட வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், கடைகளின் கியூ.ஆர். அட்டைமீது இரவோடு இரவாக வேறு அட்டையை ஒட்டிவிட்டார்கள். காலையில் வாடிக்கையாளர் தந்த பணம் திருடன் கணக்குக்குப் போனது. பணம் கட்டியதாகப் பொய்த் திரையைக் காட்டி ஏமாற்றுபவர்களும் இந்த வகையே.

செய்ய வேண்டியவை

1. ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டுமே எடுங்கள். பிளே ஸ்டோரிலும் சில நேரம் போலிகள் நுழைவதால், வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள். பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

2. செட்டிங்ஸில் செக்யூரிட்டி அப்டேட் தேதியைப் பாருங்கள். நிறுவனம் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட போனில் வங்கி வேலை வேண்டாம். எத்தனை ஆண்டு தருவார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். 2024-ல் வந்த கேலக்ஸி எஸ்24 போன்ற உயர்விலைப் போன்களுக்கு 7 ஆண்டு என்றார்கள். அடுத்த போன் வாங்கும்போது கேமராவைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். ஆன்டி வைரஸ் சந்தாவுக்கு வைத்த பணத்தை இதற்குச் சேருங்கள்.

3. கல்லாவில் இருப்பதை இரவில் இரும்புப் பெட்டிக்கு மாற்றுவது நம் பெரியவர்கள் வழக்கம். அதையே இங்கும் செய்யுங்கள். வசூலுக்கென்று தனிக் கணக்கு வைத்து, அன்றாடம் அதிலிருந்து போனில் இணைக்காத வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். என்ன நடந்தாலும் நஷ்டம் ஒரு நாள் வசூலோடு நிற்கும்.

4. வசூல் போனையும் பில் போடும் டேப்லெட்டையும் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்க வேண்டாம். கடைப் பையன் வசூலைச் சரிபார்க்க ஒலிப்பெட்டி போதும். உங்கள் பின் நம்பர் அவருக்கு வேண்டியதில்லை. காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஒலிப்பெட்டி பேசினால் கியூ.ஆர். அட்டை உங்களுடையதுதான்.

5. யு.பி.ஐ.யில் பணம் பெற பின் நம்பர் தேவையில்லை. பின் போட்டால் பணம் போகும், வராது. இதைக் கடையில் உள்ள ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

"ஒரே போன்தான் இருக்கிறது, பிள்ளைகளும் எடுக்கிறார்கள், நானும் எதையாவது தட்டிவிடுகிறேன்" என்பவர் ஆண்ட்ராய்டில் கூடுதலாக ஒரு காவல் வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதற்கும் பணம் வேண்டாம். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா மூலம், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய எம்-கவச் ஆப் இலவசமாக வழங்கப்பட்டது. பெயர் தெரியாத ஆப்பைப் பணம் கொடுத்து ஏற்றுவதைவிட இத்தகையது மேல்.

இத்தனைக்கும் பிறகு பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் மீட்கும் வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிமுறை, வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாத திருட்டில் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. ரகசிய எண்ணை அவரே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் அவருடையது என்றும் சொன்னது. ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் விலை உண்டு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இதுதான். ஆன்டி வைரஸ் மொத்தக் கொள்முதலை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தராசு முத்திரை முகாம் போல, ஆண்டுக்கு ஒருமுறை செல்போன் சோதனை முகாம் நடத்துங்கள். முதலாளி மட்டுமல்லாமல் கல்லாவில் உட்காரும் மகன், மகள், கடைப் பையன் எல்லோரும் வரட்டும். தேவையற்ற ஆப்களை நீக்கி, அப்டேட் தேதி பார்த்து, 1930 எண்ணைப் போனில் பதிந்து அனுப்புங்கள். பூட்டு எவ்வளவு விலையுயர்ந்ததானாலும், சாவியைக் கேட்டவரிடமெல்லாம் கொடுத்தால் கடை நிலைக்காது. நம் வீட்டாருக்கும் வேலையாட்களுக்கும் அதைக் கற்றுக்கொடுப்பதே நம் முதலுக்கு நாம் செய்யும் காவல்.