ட்யூனரைத் திருகும் முன் எஃப்9 தட்டுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் ஒரே மாதத்தில் கேட்கும் கேள்வி இது: "கேம்ஸ் ஆடியாச்சு, படம் பார்த்தாச்சு, இனி இதை வைத்து என்ன செய்வது?" கடைக்காரர் சொல்வது சரிதானா என்று சோதித்துப் பாருங்கள் என்பேன் நான். எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் கொஞ்சம் வித்தியாசமானது. துப்பாக்கி!

எங்கள் ஊர் அரூர் பக்கம் தீர்த்தமலை. என் சித்தப்பா மகன் கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிளைப் பிடித்துப் பழகியவன். இப்போது பஸ் ஏறிப் போய் ஒரு ரைபிள் கிளப்பில் 50 மீட்டர் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறான். அவனுக்கு யாரோ 'பேரல் ட்யூனர்' வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டுச் சரக்கு, விலை பல ஆயிரம். "நீ இன்ஜினியர்தானேப்பா, வாங்கலாமா வேண்டாமா, சொல்லு" என்று சித்தப்பா கேட்டார். என் கருத்து இதுதான்: சோதிக்காமல் வாங்கக் கூடாது. ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பதற்குச் சோதனை என்று பெயரில்லை.

ட்யூனர் என்ன செய்கிறது?

துப்பாக்கி வெடிக்கும்போது அதன் குழல் அதிர்கிறது. குழலின் முனை மேலும் கீழும் ஆடும் அந்த நேரத்தில்தான் குண்டு வெளியேறுகிறது. ட்யூனர் என்பது குழலின் முனையில் மாட்டும் ஒரு எடை. திருகினால் முன்னும் பின்னும் நகரும். அதற்கேற்ப அதிர்வு மாறும்.

இதனால் என்ன லாபம்? .22 குண்டின் வேகம் நொடிக்கு 325 மீட்டர் என்று வையுங்கள். 50 மீட்டர் போவதற்குள் அது சுமார் 116 மில்லிமீட்டர் கீழே இறங்கும். அடுத்த தோட்டாவின் வேகம் 315 என்றால் சுமார் 123 மில்லிமீட்டர் இறங்கும். வித்தியாசம் 7 மில்லிமீட்டர். 50 மீட்டர் டார்கெட்டில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். வேகம் குறைந்த குண்டு சற்றுத் தாமதமாக வெளியேறும். அந்த நேரத்தில் குழலின் முனை மேல்நோக்கி எழுந்துகொண்டிருந்தால் இந்த இறக்கம் ஈடாகிவிடும். சரியான செட்டிங் கிடைத்தால் இது நடக்கும் என்பதுதான் ட்யூனர்காரர்களின் வாதம். இயற்பியல்படி இதில் தவறு இல்லை.

பெஞ்ச்ரெஸ்ட் என்றொரு போட்டி உண்டு. ரைபிளை மேஜை மேல் ஸ்டாண்டில் வைத்துச் சுடுவார்கள். கை நடுக்கம் பெரும்பாலும் போய்விடுவதால் துப்பாக்கியின் திறமை மட்டும் தெரியும். .22 பெஞ்ச்ரெஸ்ட் ஆட்டக்காரர்கள் பலர் ட்யூனர் இல்லாமல் களத்துக்கு வருவதில்லை. ஆசை வருவதும் இயல்புதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் நம் ஜாய்தீப் கர்மாகர் 699.1 புள்ளியுடன் நான்காவது இடம் பெற்றார். வெண்கலம் வென்றவருக்கு 701.0. இடைவெளி 1.9 புள்ளிதான். ஒரு திருகில் அது கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இனி கம்ப்யூட்டரைத் திறங்கள்

வழக்கமாக ட்யூனரை எப்படிச் சரிசெய்கிறார்கள்? ஒவ்வொரு செட்டிங்கிலும் ஐந்து குண்டு சுடுவார்கள். எதில் குண்டுகள் நெருக்கமாக விழுந்தனவோ அதுவே நல்ல செட்டிங் என்று முடிவு செய்வார்கள். இதை எக்ஸெலில் செய்து பார்ப்போம்.

ஏ1 செல்லில் நின்று 'இன்சர்ட் ஃபங்ஷன்' மூலம் 'நார்ம்இன்வ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று விவரம் கேட்கும். முதல் கட்டத்தில் ராண்ட் ஃபங்ஷனைத் தரவும் (அதன் பின்னால் வெற்று அடைப்புக்குறி போட மறக்காதீர்கள்). இரண்டாவதில் 0, மூன்றாவதில் 2. ஓகே கொடுங்கள். இதைக் காப்பி செய்து ஏ1 முதல் ஜே5 வரை பேஸ்ட் செய்யுங்கள். பத்துக் காலங்களும் பத்து செட்டிங். ஒவ்வொரு காலத்திலும் உள்ள ஐந்து எண்கள், ஐந்து குண்டுகள் நடுவிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் மேலே அல்லது கீழே விழுந்தன என்பதைச் சொல்கின்றன. ஆறாவது வரிசையில் மேக்ஸ் ஃபங்ஷனிலிருந்து மின் ஃபங்ஷனைக் கழித்து, ஒவ்வொரு காலத்தின் உயரப் பரவலையும் கண்டுபிடியுங்கள்.

இப்போது ஆறாவது வரிசையைப் பாருங்கள். ஒரு செட்டிங்கில் 2 அல்லது 3 மில்லிமீட்டர், இன்னொன்றில் 7 மில்லிமீட்டர் என்று வரும். மிகச் சிறியது மிகப் பெரியதில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருப்பது சர்வ சாதாரணம். 'ஆஹா, நான்காவது செட்டிங் பிரமாதம்' என்று தோன்றும். ஆனால் பத்துக் காலத்திலும் நாம் போட்டது ஒரே ஃபார்முலா! இங்கே ட்யூனரே இல்லை. எஃப்9 கீயைத் தட்டுங்கள். பிரமாதமான செட்டிங் வேறு காலத்துக்கு ஓடிவிடும்.

பெரிய காலிபர் ரைபிள்களிலும் இந்தச் சர்ச்சை உண்டு. அமெரிக்க நிபுணர் பிரையன் லிட்ஸ் நிறையத் தோட்டாக்கள் சுட்டுச் சோதித்து, 2022-ல் வெளியான புத்தகத்தில், ட்யூனரால் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று எழுதினார். .22-ல் விஷயம் வேறு என்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கலாம். குண்டின் வேகம் குறைவு, குழலுக்குள் அது இருக்கும் நேரம் அதிகம். அப்படியானால் அதை எண்ணிக்கையில் காட்டட்டும்.

எத்தனை சுட வேண்டும்?

ட்யூனர் பரவலைப் பாதியாக்குகிறது என்றால், மாட்டி 20, கழற்றி 20 சுட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். 10 சதவீதம்தான் குறைக்கிறது என்றால் இரண்டு பக்கமும் சில நூறு குண்டுகள் வேண்டும். அந்தத் தோட்டாச் செலவில் எவ்வளவு பயிற்சி எடுக்கலாம் என்பதையும் கணக்குப் போடுங்கள்.

எனவே சித்தப்பாவிடம் நான் சொன்னது இது. கிளப்பில் யாரிடமாவது ட்யூனரை இரவல் வாங்கச் சொல்லுங்கள். எடை மாறுவதால் சைட்டை முதலில் சரிசெய்துகொள்ளட்டும். ரைபிளை பெஞ்சில் வைத்து, ஒரே பெட்டித் தோட்டாவில், ட்யூனரோடு ஐந்து, இல்லாமல் ஐந்து என்று மாற்றி மாற்றி 20-20 சுடட்டும். இன்னொரு நாள் இதையே திரும்பச் செய்யட்டும். பிடிக்காத குண்டுகளை விட்டுவிடாமல் எல்லாவற்றையும் ஷீட்டில் ஏற்றட்டும். இரண்டு நாளும் வித்தியாசம் ஒரே பக்கம் நின்றால் வாங்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்குத் தோட்டாவும் பஸ் டிக்கெட்டும் வாங்கட்டும். "சாம்பியன்களே மாட்டுகிறார்களே" என்பார்கள். சாம்பியன்கள் தினமும் மணிக்கணக்கில் சுடவும் செய்கிறார்கள்.

உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்காது. ஆனால் 'கம்ப்யூட்டர் வேகம் கூடும்' என்று சொல்லி விற்கப்படும் சாஃப்ட்வேர் கண்ணில் படும். அதையும் ஒரு முறை பூட் செய்து பார்த்து நம்பாதீர்கள். போட்டு 20 முறை, எடுத்து 20 முறை நேரத்தைக் குறித்து, எக்ஸெலில் ஏற்றுங்கள். பிறகு பணம் கட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.