'சரி'ன்னா சம்மதம்னு யார் சொன்னது?

தமிழர்களிடம் தெளிவான சம்மதம் என்பதே கிடையாது. எதைக் கேட்டாலும் 'சரி'ம்பாங்க, அப்புறம் 'நான் எப்போ சொன்னேன்'ம்பாங்க. இந்தக் குற்றச்சாட்டைப் படித்தவர்கள் வாயிலிருந்துதான் அதிகம் கேட்கிறேன். மருத்துவர் சொல்கிறார், கடன் கொடுக்கிறவர் சொல்கிறார், பட்டாசு ஆலைக் கணக்குப்பிள்ளை சொல்கிறார். கூடவே இலவசமாக ஒரு உபதேசம்: இங்கிலீஷில் பாருங்க, எஸ் என்றால் எஸ், நோ என்றால் நோ. எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பழியைத் தமிழ் மீது போடுகிறார்கள். கோளாறு இருப்பதோ அவர்கள் காதில்.

நான் ஆலங்குளத்துக்காரன். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. அரசு சிமென்ட் ஆலை இருக்கிற விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல், மறுபக்கம் பட்டாசும் தீப்பெட்டியும். எங்கள் ஊரில் 'சரி' என்ற சொல்லை எத்தனை விதமாகப் புழங்குகிறோம் என்று பாருங்கள். 'சரி' என்றால் காதில் விழுந்தது. 'சரி சரி' என்றால் போதும், நிறுத்து. 'சரிங்கய்யா' என்றால் உங்களை எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. 'சரி, பார்ப்போம்' என்றால் நடக்காது. 'சரிதான்!' என்று இழுத்தால் நல்லா இருக்குய்யா உம்ம நியாயம். பிசகில்லாதது, ஒத்துப்போவது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். சொல்கிறவனுக்கு அதில் விருப்பமா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறப்பதில்லை.

இது தமிழின் ஊனம் என்றால் உலகத்தில் ஊனமில்லாத மொழி எது? 'நீ வரலையா?' என்று கேட்டால் நாம் 'ஆமா, வரல' என்போம். அதே கேள்விக்கு இங்கிலீஷ்காரர் 'நோ' என்பார். எஸ்-க்கும் நோ-வுக்கும் அங்கேயே முட்டிக்கொள்கிறது. ஐஸ்லாந்து மொழியில் 'ஆமாம்' என்பதற்கு 'யௌ' என்பார்கள், 'வரலையா?' என்று எதிர்மறையாகக் கேட்டவனுக்கு 'வரத்தான் செய்கிறேன்' என்று மறுத்துச் சொல்ல 'யூ' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்த அதே மொழியில் 'யையா' என்றும் ஒரு சொல் உண்டு. 'சரி, கிளம்பலாம்', 'அப்படியா', 'போதும்ப்பா' எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. நம்ம 'சரி'க்கு அண்ணன் தம்பி. இங்கிலீஷில் மட்டும் என்ன வாழுது? சண்டைக்கு நடுவில் ஒரு பெண் 'ஃபைன்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிற புருஷன் அந்த ஊரில் யாராவது உண்டா?

உண்மையில் சம்மதம் சொல்லத் தமிழில் இருப்பது 'சரி' இல்லை. வினைச்சொல். 'வர்றியா?' 'வர்றேன்.' 'கட்டிருவியா?' 'கட்டிருவேன்.' அந்தக் கடைசி 'ஏன்'-இல் சொல்கிறவர் நிற்கிறார். யார் செய்வது, எப்போது செய்வது, இரண்டும் அதிலேயே வந்துவிடுகிறது. மறுப்பதற்கு 'மாட்டேன்' இருக்கிறது. அதிலும் அதே 'ஏன்'. இவ்வளவு வசதி இருக்கிற மொழியில் ஒருவர் 'வர்றேன்' என்று சொல்லாமல் 'சரி' என்று மட்டும் சொல்கிறார் என்றால், சொல்லாமல் விட்டதுதான் சேதி.

அந்தச் சேதி கேட்கிறவருக்குப் புரியாதா? நல்லாப் புரியும். 'சரிண்ணே, வீட்ல கேட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் எந்தக் கடைக்காரராவது சாமானைப் பொட்டலம் கட்டி வைக்கிறாரா? வராத வாடிக்கை என்று அந்த நொடியே தெரியும். கைமாத்துக் கேட்டவனிடம் தானே 'சரி பார்ப்போம்' என்று சொல்லும்போது அதன் அர்த்தம் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். காகிதத்தை நீட்டி ரேகை வாங்கும்போது மட்டும் அவருக்குத் தமிழ் மறந்துபோகிறது. இதை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். பாசாங்கு.

சட்டம் இந்தப் பாசாங்கை ஏற்கவில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பாருங்கள்: இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒத்துக்கொண்டால்தான் அது சம்மதம். ஒரே அர்த்தத்தில்! நம் பத்திரங்களின் கடைசியில் 'படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன்' என்று ஒரு வரி இருக்கும். யார் படித்தார்கள்? எந்த மொழியில்? ஊரில் கடன் காகிதமும் காப்பீட்டுக் காகிதமும் நிறையப் பேருக்கு நான் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டிய ஒரு ஏஜெண்டையும் இதுவரை பார்த்ததில்லை. 'இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு' என்று விரலைத்தான் காட்டுவார்கள்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். பரிசோதனைக்கென்று மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்ட வழக்கு ஒன்று 2008இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக அம்மா சம்மதம் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகிறது. இன்றைக்கும் 'கூட வந்தவங்க யாரு, கையெழுத்துப் போடுங்க' என்ற குரல்தான் வராந்தாவில் முதலில் கேட்கிறது.

இனி பட்டாசுக்கு வருகிறேன். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் டீக்கடையில் ஒருவர் சொல்வார்: 'ஆபத்துன்னு தெரிஞ்சுதானப்பா வேலைக்கு வர்றாங்க.' தெரிந்திருப்பது வேறு, சம்மதிப்பது வேறு. மழை வரும் என்று தெரிந்து வெளியே போனவன் நனையச் சம்மதித்தவனா? மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று விதி இருக்கிறது. அது மீறப்படும் என்பதற்குத் தொழிலாளியிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், முன்பணம் வாங்கியவர் வாயிலிருந்து வரும் 'சரி' என்ன 'சரி'? டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பசியும் வறுமையும் தள்ளி, வேறு வழியில்லாமல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே செய்கிற வேலை கட்டாய வேலைதான் என்று. அந்தத் தீர்ப்பைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒட்ட வேண்டும்.

பெண்கள் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். மௌனம் சம்மதம் என்று பழமொழி வைத்துக்கொண்டு, 'பொண்ணுக்குச் சம்மதமா?' என்ற கேள்விக்கு அப்பா பதில் சொல்கிற ஊர் இது. சட்டம் 2013இலேயே மாறிவிட்டது: சம்மதம் என்றால் ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தெரிவித்த ஒப்புதல், எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதித்ததாக ஆகாது. நாம் அண்ணாந்து பார்க்கிற ஐஸ்லாந்து தன் குற்றவியல் சட்டத்தில் சம்மதத்தை மையத்துக்குக் கொண்டுவந்தது 2018இல்தான். ஐந்து வருஷம் நாம் முந்தி. ஆனால் 18 வயதான மனைவிக்கு அந்த விளக்கம் செல்லாது என்ற விலக்கை 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் பத்திரமாகத் தூக்கி வந்து வைத்தோம். தாலிக்கு ஒருமுறை குனிந்த தலை ஆயுசுக்கும் சொன்ன 'சரி'யாம்!

அதே தமிழ்நாட்டில்தான் 1967இல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மணமக்கள் தங்களுக்குப் புரிகிற ஒரு மொழியில், இவரை நான் துணையாக ஏற்கிறேன் என்று தாங்களே சொன்னால் கல்யாணம் செல்லும். புரிகிற மொழி, சொந்த வாய், ஒரு வினைச்சொல். சம்மதத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் எங்கே கிடைக்கும்? கல்யாணத்துக்குப் போதுமான அந்த இலக்கணம் கடனுக்கும் கத்திக்கும் கருமருந்துக்கும் மட்டும் ஏன் கசக்கிறது?

ஆகவே படிவம் நீட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இது. தமிழில் எழுதுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். 'சரியா?' என்று கேட்காதீர்கள். 'என்ன செய்யப்போறோம்னு புரிஞ்சுது? நீங்களே சொல்லுங்கம்மா' என்று கேளுங்கள். அந்த அம்மா தன் வார்த்தையில் சொல்லி முடித்து, 'செய்றேன்' என்று சொன்ன பிறகு மையை எடுங்கள். 'மாட்டேன்' என்று சொன்னால் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இதற்கு ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆகும். அந்த ஐந்து நிமிஷம் தர மனமில்லாதவர்கள், தமிழனுக்குச் சம்மதம் சொல்லத் தெரியவில்லை என்று இனிமேல் எங்கள் பக்கம் வந்து பேச வேண்டாம்.