பேசாத படம் பேசியது!

"சிரிப்புப் படந்தானே!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள் சிலர். கலைவாணர் வாழ்ந்த நாட்டிலா இந்தப் பேச்சு? சிரிக்கவைத்தே சிந்திக்கவைத்தாரே அவர்! அவர் வழியிலே வைத்துப் பேசத்தக்க டைரக்டர் ஒருவர் உண்டு: சிங்கீதம் சீனிவாசராவ். ஆந்திரத்து உதயகிரியிலே 1931இல் பிறந்தவர். 'மாயாபஜார்' எடுத்த கே.வி.ரெட்டியிடம் தொழில் கற்றவர்.

ஓசூரிலே நின்றுகொண்டு இவரைப் பற்றி ஏன் பேசுகிறோம்? உறவு உண்டு, தோழர்களே! 1974இல் இவர் தமிழிலே தந்த 'திக்கற்ற பார்வதி', ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ஆச்சாரியாரின் கதை. குடி ஒரு குடும்பத்தைக் குலைத்த கதை. ஆச்சாரியாரின் குலக்கல்வியை எதிர்த்தோம். அவர் புகுத்திய இந்தியை எதிர்த்தோம். ஆனால் அந்தப் பார்வதியின் கண்ணீரை எதிர்க்க நம்மால் முடியுமா?

அழவைத்த அதே கைதான் 1987இல் 'புஷ்பக விமான' எடுத்தது. தமிழிலே அதற்குப் பெயர் 'பேசும் படம்'. படம் நெடுகப் பாத்திரங்கள் ஒரு வார்த்தை பேசுவதில்லை! அடுக்குமொழியிலே வளர்ந்தவர்கள் நாம்; 'பராசக்தி' வசனத்தைப் பாடம்போல் ஒப்பித்தவர்கள். நம் வாயையே அடைத்துவிட்டது அந்தப் படம். படித்துவிட்டு வேலை தேடும் இளைஞன் ஒருவன். தன்னிடமுள்ள சில்லறையைப் பெருமையோடு குலுக்கிக் காட்டுகிறான். தெருவோரப் பிச்சைக்காரனோ அவனை மிஞ்சும் பணத்தை எடுத்துக் காட்டுகிறான்! கொட்டகையே அதிரச் சிரிக்கிறது. பிறகு அதே பிச்சைக்காரன் செத்துக் கிடக்கிறான். அவனுக்கு அடியில் இருந்த நோட்டுகளுக்கு அடித்துக்கொள்கிறது கூட்டம், பிணத்தைப் பார்ப்பாரில்லை. சிரித்த வாய் மூடிக்கொள்கிறது. இதற்கு எந்த வசனகர்த்தா வேண்டும்?

அந்தப் படம் பிறந்த பெங்களூர், ஓசூரிலிருந்து கூப்பிடு தூரம். இங்கே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடக்கின்றன. இன்று வடக்கேயிருந்து வந்த தொழிலாளியும் உடன் நடக்கிறான். நால்வரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து பார்க்கத்தக்க படம் அது. வேலைக்காக வரிசையில் நிற்கும் அந்த நாயகனை இவர்களுக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டுமா?

'அபூர்வ சகோதரர்கள்', 'மைக்கேல் மதன காமராஜன்' எல்லாம் ஊரறிந்த வெற்றிகள்; விட்டுவிடுவோம்.

விடக்கூடாதது, 1994இல் வந்த 'மகளிர் மட்டும்'. வேலை செய்யும் இடத்திலே மேலதிகாரியின் தொல்லைக்கு ஆளாகும் மூன்று பெண்கள், அவனை மடக்கும் கதை. ஆங்கிலப் படமொன்றின் சாயல் உண்டு என்பார்கள், இருக்கட்டும்! அந்தத் தொல்லையைத் தடுக்க உச்சநீதிமன்றம் விசாகா வழக்கிலே நெறிமுறை வகுத்தது 1997இல். சட்டம் வந்தது 2013இல். பத்துப் பேர் வேலை செய்யும் இடமானாலும் புகார்க்குழு வேண்டும் என்கிறது சட்டம். நீதிமன்றத்துக்கு மூன்றாண்டு முன்பே, பாராளுமன்றத்துக்குப் பத்தொன்பது ஆண்டு முன்பே பேசிவிட்டது ஒரு சிரிப்புப் படம்!

ஓசூர் ஆலைகளுக்கு இன்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வருகிறார்கள். விடுதிகளிலே தங்கி ஷிப்டு முறையில் உழைக்கிறார்கள். குழு என்று ஒன்று இருப்பதும், அதிலே யாரிடம் முறையிடுவது என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுவரிலே ஒட்டிய நோட்டீசை நின்று படிக்க நேரமேது? ஆலை முதலாளிகளைக் கேட்கிறோம்: ஆயுதபூஜைக்குப் பொரி வழங்குகிறீர்களே, ஒரு ஞாயிறு மாலை விடுதி முற்றத்தில் திரை கட்டி 'மகளிர் மட்டும்' போடக் கூடாதா? படம் முடிந்ததும் குழுவின் உறுப்பினர்களை அந்தத் திரைக்கு முன்னால் நிறுத்துங்கள். பெண்கள் அவர்களின் முகத்தைப் பார்க்கட்டும்!