கயிறு கட்டும் வயதில் ஒரு கதைப்புத்தகம்

கையில் கயிறு கட்டும் வயது பதிமூன்று. அதற்கு முன்பே பிள்ளைக்குச் சாதி தெரியும். எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், எந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்பதெல்லாம் ஐந்து வயதிலேயே பிடிபட்டுவிடும். ஆனால் "நீ நம்ம ஆளுடா" என்று ஓர் அண்ணன் வந்து தோளில் கைபோடுவது எட்டாம் வகுப்பில்தான். பிறகு கயிறு, வண்டியில் ஸ்டிக்கர், வாட்ஸப் குழு, திருவிழா பேனரின் கடைசி வரிசையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம். அந்த வயதில் கொள்கை இரண்டாம் பட்சம், கூட்டாளிகள்தான் முக்கியம் என்பது சாதிச் சங்கங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் உறைக்கவில்லை.

அரசு என்ன செய்தது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சரே சொல்லிவிட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கயிற்றை அறுத்தெறிந்த கையில் அடுத்து எதைக் கொடுப்பது? அந்த அண்ணன் கொடுத்த தோழமைக்கு ஈடாக நம்மிடம் என்ன இருக்கிறது?

என்னிடம் இருக்கும் பதில் கொஞ்சம் சாதுவானது. கதைப்புத்தகம், அதைச் சேர்ந்து படிக்க ஒரு கூட்டம். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள் தோழர்களே, காத்திருக்கிறேன்.

மூங்கில்துறைப்பட்டில் நான் காலனிக்காரி. தென்பெண்ணைக் கரை, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, அரவைக் காலத்தில் சாலையோரம் வரிசைகட்டி நிற்கும் கரும்பு டிராக்டர்கள், இதுதான் எங்கள் ஊர். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். வெளியே அதன் பெயர் அதிகம் அடிபட்டது 2024 ஜூனில், கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது. புத்தகத்தோடு சேர்த்து எங்கள் மாவட்டத்தை யாரும் நினைப்பதில்லை. நான் படித்த பள்ளியில் நூலகம் என்றால் ஒரு பூட்டிய இரும்பு பீரோ. கண்ணாடி வழியாக முதுகு மட்டும் தெரியும். அதில் என்ன புத்தகங்கள் இருந்தன என்று இன்றைக்கும் எனக்கு வரிசையாகத் தெரியும், ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் இருபது பிள்ளைகள்போல ஒன்றுகூடிப் படிக்கிறார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் உண்டு, காலனிப் பிள்ளைகள் உண்டு, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் இருவர் உண்டு. (அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அந்த இருவரின் தாத்தாக்கள் கூலியில்லாமல் உழைத்தவர்கள்.) நானும் இன்னும் இரண்டு தோழிகளும் புத்தகம் சேர்த்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். "யார்கிட்ட இருக்கு" என்று அட்டையில் எழுதிய ஒரு நோட்டு இருக்கிறது. எங்கள் மொத்த நிர்வாகமும் அந்த நோட்டுதான்.

இளையோர் நூல் என்று நான் சொல்வது, குழந்தைக் கதையின் பேசும் முயலையும் தாண்டிவிட்ட, பெரியவர்களின் தடித்த நாவலுக்கு இன்னும் பொறுமை வராத பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரைக்குமான கதைகளை. தமிழில் இந்த இடம் நெடுநாள் காலியாகக் கிடந்தது. அம்புலிமாமாவிலிருந்து ஒரே தாவாகப் பொன்னியின் செல்வன். நடுவில் இருந்த ஐந்தாறு ஆண்டுகளைச் சினிமா பார்த்துக்கொண்டது. இப்போது நிலைமை மாறி வருகிறது. விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' மாணவர்கள் கையில் கட்டும் அதே கயிற்றைப் பற்றியதுதான். ஒரே மூச்சில் படித்துவிடக்கூடிய குட்டிப் புத்தகம், ஓங்கில் கூட்டம் வெளியிட்டது. அவருடைய 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பாலியல் சீண்டலைப் பிள்ளைகள் வெளியே சொல்லத் துணிவு தரும் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இலும், கீழடியைச் சுற்றி உதயசங்கர் எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023இலும் அதே விருதைப் பெற்றன. பள்ளிக் கல்வித் துறையும் வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகச் சின்னச் சின்னப் புத்தகங்களை வகுப்பறைக்கு அனுப்பியது. எங்கள் நோட்டில் அவையும் உண்டு.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சண்டை போட்டது இவற்றுக்கெல்லாம் மூத்த ஒரு கதைக்கு. சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்து, ஒரு தலைமுறையே அழுதுகொண்டு படித்தது. கிர்கிஸ் மலைக் கிராமத்துக்கு தூய்ஷேன் என்று ஓர் இளைஞன் வருகிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பழைய குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்கி, உறையவைக்கும் ஓடையில் சின்னப் பிள்ளைகளைத் தோளிலும் முதுகிலும் சுமந்து அக்கரை சேர்க்கிறான். குதிரையில் போகும் பணக்காரர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். அல்தினாய் என்ற அநாதைப் பெண்ணை அவள் சித்தி ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்றுவிட, தூய்ஷேன் அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறான். பல ஆண்டுகள் கழித்து அந்த ஊரில் புதுப் பள்ளித் திறப்பு விழா. அல்தினாய் பெரிய கல்வியாளராக முதல் வரிசையில் இருக்கிறாள். விருந்தில் எல்லோரும் தூய்ஷேனின் அந்தக் காலத்துப் பள்ளியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கிழவராகிவிட்ட அவரோ வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மிச்சத் தபாலோடு குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார்.

"அந்த வாத்தியாரு ஏன்க்கா உள்ள வந்து உக்காரல?" என்று கேட்டாள் ஊர்த்தெருவிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்.

"எங்க உக்கார வுட்டாங்க" என்றான் காலனிப் பையன்.

"யாரும் தடுக்கலடா. அவருக்கு வேலை இருந்துச்சு, போயிட்டாரு. நல்லாப் படி."

"எங்க தாத்தாகூட அப்படித்தான். கோயில் வேலைக்கு மொத ஆளா நிப்பாரு. சாப்பாடு போடுறப்ப வேலை இருக்குதுன்னு வந்துடுவாரு."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மலைப் பையன், "அல்தினாய் எந்திரிச்சுப் போயி கூட்டிட்டு வந்திருக்கலாம்ல" என்றான். அங்கிருந்து ஒரு மணி நேரம் சண்டை. அல்தினாய் குற்றவாளியா இல்லையா? வெட்கப்பட்டால் மட்டும் போதுமா? நான் வாயைத் திறக்கவே இல்லை. இருபது கருத்தரங்குகளில் தீண்டாமையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். விருந்துக்கு நிற்காமல் போகிறவரின் கௌரவத்தைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக யாரும் பேசிக் கேட்டதில்லை. அத்தனைக்கும் அந்தக் கதையில் சாதி என்ற சொல்லே கிடையாது.

நம் இயக்கங்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பதினாலு வயதுப் பிள்ளை நம்மிடம் வந்தால் உடனே துண்டறிக்கையைக் கையில் கொடுக்கிறோம். பள்ளிக்கூடம் நீதிக்கதை கொடுக்கிறது, நாம் அரசியல் கொடுக்கிறோம், ரசிக்க யாரும் விடுவதில்லை. "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்ற கேள்வியை எங்கள் கூட்டத்தில் தடை செய்து வைத்திருக்கிறோம். யாரைப் பிடித்தது, யாரை அறையத் தோன்றியது, எங்கே தூக்கம் வந்தது, இவ்வளவுதான் கேட்கலாம்.

இதற்கு எனக்கு முன்மாதிரி அண்ணல் அம்பேத்கரே. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஆங்கில நான்காம் வகுப்பு தேறியதற்கு அவருடைய சமூகத்தார் பாராட்டுக் கூட்டம் நடத்த விரும்புகிறார்கள். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அப்பா மறுக்கிறார். குடும்ப நண்பரான கேலுஸ்கர் பேசிச் சம்மதிக்க வைத்து, தலைமையும் தாங்கி, தான் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பையனுக்குப் பரிசளிக்கிறார். அவன் அதில் மூழ்கிப் போகிறான். பிறகு நேரே அப்பாவிடம் போய், ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் படிக்கச் சொன்ன நீங்கள் இதை ஏன் எங்களுக்குக் காட்டவில்லை என்று கேட்கிறான். எளிய நிலையிலிருந்து உயர்ந்த துரோணரையும் கர்ணனையும் பார் என்கிறார் அப்பா. மகாபாரதத்தில் எனக்கு யாரையுமே பிடிக்கவில்லை என்கிறான் பையன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள் பேசுவதுபோலவே இல்லையா? அந்த இளம் வாசகனுக்குக் கதாபாத்திரங்களைப் பிடிக்காமல் போனதன் தொடர்ச்சியை 1956இல் நாக்பூரில் நாடே பார்த்தது. அவனுக்குப் புத்தகம் கொடுத்த மனிதர் என்ன தெரிந்துகொண்டாய் என்று தேர்வு வைத்ததாக அந்த முன்னுரையில் எங்கும் இல்லை.

புதிதாக வரும் தமிழ் இளையோர் நூல்கள்மீதும் ஒரு புகார். அவற்றில் தலித் பிள்ளை வந்தால் பெரும்பாலும் அடிவாங்க வருகிறது. அதைப் பார்த்து மனம் மாறும் நல்ல பிள்ளை வேறு தெருவில் இருக்கிறது, கதை அதனுடையது. எங்கள் காலனிப் பிள்ளைகள் இதை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "அக்கா, இவன் சாவப் போறான்" என்று ஒருத்தி சொல்வாள், அப்படியே நடக்கும். துப்பறியும் காலனிப் பெண் எங்கே? கோடை விடுமுறையில் காதலில் விழுந்து சொதப்பும் மலைப் பையன் எங்கே? நூல் என்பது பிள்ளைக்கு ஜன்னலாகவும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். நம் கண்ணாடியில் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிவது காயம்பட்ட முகம் மட்டும். வேறு யார் எழுதுவார்கள் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு அடித்துக்கொள்ளும் ஏழைப் பையன்களையும் பணக்காரப் பையன்களையும் பற்றிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளிவந்தபோது அதை எழுதிய எஸ்.இ. ஹிண்டனுக்கு வயது பதினெட்டு. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அதைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும்.

இனி, உட்காரும் இடம். முதலில் கோயில் மண்டபத்தில் கூடினோம். காலனிப் பிள்ளைகள் படியிலேயே நின்றார்கள். காலனிச் சமுதாயக் கூடத்துக்கு மாற்றினோம். ஊர்த்தெருப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. நூலகத்துக்குப் போனால் மாலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள். பெண்பிள்ளைகள் உள்ளே நுழைந்தாலே "யார் வூட்டுப் பொண்ணு நீ?" என்ற விசாரணை. கடைசியில் ஆற்றுமணலில் உட்கார்ந்தோம், பாலத்தின் நிழலில். மணலுக்கு மட்டும் பட்டா இல்லை. மணல் கொள்ளையர்கள் மிச்சம் வைத்த மணல்தான், இருந்தாலும் உட்காரப் போதும்.

புத்தகம் போகும் வழியும் அப்படித்தான். காலனி வீட்டிலிருந்து வந்த புத்தகம் என்று தெரிந்ததும் ஒரு வீட்டில் அதை உள்ளே எடுத்துப்போக விடவில்லை. அந்தப் பெண் மூன்று சாயங்காலம் திண்ணையில், தெருவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்து முடித்தாள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே பூச்சி என்று மட்டும் சொன்னாள். அவள் தோழி சொல்லித்தான் விஷயம் தெரியும். தூய்ஷேன் ஏன் உள்ளே வந்து உட்காரவில்லை என்று கேட்டவள் அவள்தான்.

மழை பெய்தால் ஆறு எங்களுடையதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டோம். எங்களுக்குக் கூரை வேண்டும். தமிழ்நாட்டில் கூரைக்கா பஞ்சம்? 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு நூலகக் கட்டடம் என்று திட்டமிட்டுக் கட்டினார்கள். 2011இல் ஆட்சி மாறியதும் பல ஊர்களில் அவை பூட்டப்பட்டன. சில ஊர்களில் உள்ளே சிமென்ட் மூட்டை, சில ஊர்களில் ஆடு. சொத்து வரியோடு நாம் எல்லோரும் நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் ஊரில் அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, எந்தத் தெரு வழியாக அங்கே போக வேண்டும் என்று இந்த வாரமே போய்ப் பாருங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம். ஊர்த்தெருவுக்கு நடுவில் நூலகத்தைக் கட்டிவிட்டு, எல்லோருக்கும் பொது என்று போர்டு எழுதுவதில் பொருளில்லை.

எங்கள் பிள்ளைகள் அக்டோபர் 2 கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். கேட்பது ஓர் அறை, இரண்டு டியூப்லைட், காலனியும் ஊர்த்தெருவும் சந்திக்கும் சாலையில். பதினெட்டு வயது ஆகாததால் வாக்கில்லை, பேசத் தடையில்லை. யார் கையெழுத்து முதலில் போடுவது என்று அரை மணி நேரம் தகராறு. கடைசியில் அகர வரிசை என்று முடிவானது. 'அ'வில் தொடங்கும் பெயர் அந்தத் திண்ணைப் பெண்ணுடையது. போட்டுவிட்டாள்.