ஒரு மதிப்பெண் கேள்வியில் அடைத்த வாழ்க்கை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஜூலை 30ஆம் தேதி காலையில் நம் குடும்பக் குழுவில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் படம் வந்தது. ‘இந்தியாவின் முதல் பெண் மருத்துவர், நம் புதுக்கோட்டை மண்ணின் மகள்’ என்று எழுதியிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். அன்று மாலை அதே குழுவில் என் தம்பி மகள், தான் எம்.எஸ்.டபிள்யூ. சேரப்போவதாகச் சொன்னாள். உடனே ஒரு பெரியவர், ‘ஊர் வேலைன்னு கிளம்பிட்டா குடும்பம் நடத்த முடியாதும்மா’ என்றார். இன்னொருவர், ‘சேவை செய்யறதுக்கு எதுக்குப் பட்டம்?’ என்றார். ‘மாப்பிள்ளை வீட்ல என்ன வேலைன்னு சொல்றது?’ என்றது ஒரு குரல்பதிவு. எல்லாரும் காலையில் கைகூப்பியவர்கள்தான். பிள்ளை பதில் போடவில்லை. அவளுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம், வாத்தியார் புத்தி போகாது. அவர் இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் இல்லை. ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும், காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவப் படிப்பை முடித்தது 1886இல். நம் முத்துலட்சுமி பிறந்ததே அந்த ஆண்டுதான். ‘முதல்’ என்ற சொல் இல்லாவிட்டால் நமக்கு யாரையும் மதிக்கத் தெரிவதில்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு. முப்பது வருடத்துக்கு மேல் நானும் அவரை ஒரு மதிப்பெண் கேள்வியாகத்தான் நடத்தினேன். கோடிட்ட இடத்தில் பெயரை எழுதினால் ஒரு டிக். ஒருமுறை ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, ‘டீச்சர், இவ்வளவும் செஞ்சாங்களே, அவங்க வீட்ல யாரு பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டா?’ என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, ‘உட்காரு’ என்றேன். அந்த வருடம் முழுக்க என்னிடம் வந்த ஒரே நல்ல கேள்வி அதுதான். அந்தப் பெண் இதைப் படித்தால் என்னை மன்னிக்கட்டும்.

ஊர் வேலையும் குடும்பமும் ஒத்துவராது என்கிறீர்களே, அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பாருங்கள். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அப்பா நாராயணசாமி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். மகள் அதே கல்லூரியில் சேர எதிர்ப்புக் கிளம்பியபோது மன்னரே உத்தரவு போட வேண்டியிருந்தது. 1912இல் மருத்துவப் படிப்பை முடித்தார். 1914இல்தான் திருமணம், அதுவும் நிபந்தனையோடு: தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. டாக்டர் சுந்தர ரெட்டி அதற்குச் சம்மதித்துத்தான் கைப்பிடித்தார். இரண்டு மகன்கள். எந்தக் குடும்பத்தை அவர் துறந்தார்?

இன்னும் சொன்னால், அவர் செய்த பெரிய வேலைகள் எல்லாம் வீட்டுக்குள்ளிருந்து கிளம்பியவை. தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் பல வருடம் சுமந்தார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறந்தது. அதை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர் அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. அம்மா பிறந்த மரபின் கொடுமை தெரிந்தவர் என்பதால்தான் சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராக நின்றார். விடுதிகளில் இடம் கிடைக்காத தேவதாசி குடும்பத்துப் பெண்பிள்ளைகள் அவர் வாசலுக்கு வந்தபோது, 1930இல் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். வீட்டில் கூடுதலாக இரண்டு பேர் சாப்பிட வந்தால் முகம் சுளிக்கும் நாம் அவரைப் பற்றிப் பேசுகிறோம்.

‘சேவைக்குப் படிப்பு எதற்கு’ என்று கேட்டவருக்கு: தேவதாசி முறையை ஒழிக்க 1930இல் மசோதா கொண்டுவந்தார், முழுச் சட்டம் வந்தது 1947இல். பதினேழு வருடம் மனு, விவாதம், சட்டவாசகம், எதிர்ப்பு. இளகிய மனசு மட்டும் இருந்தால் இது நடக்குமா? கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். அடையாற்றில் அடிக்கல் நாட்டிய அதே 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப்பணிக்கென்றே ஒரு பள்ளியைத் தொடங்கினார். இது பயிற்சி வேண்டிய தொழில் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அடிபட்ட குழந்தை 1098க்கு அழைத்தால், போய் நிற்பவருக்கு அந்தக் குழந்தையிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு வேட்டி சேலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது வேறு. (நன்கொடை கொடுப்பவர்கள் கோபிக்க வேண்டாம். கொடுங்கள், படம் வேண்டாம்.)

இனி என் கதை. 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட காலம். நானும் கற்றுக்கொண்டு, சாயங்காலம் பக்கத்துத் தெருவில் வகுப்பு எடுத்தேன். பதினோரு பேர். தன் பெயரை முதன்முதலாக எழுதிய ஒரு அம்மா சிலேட்டை அழிக்க விடாமல் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். நான்கு மாதத்தில் நிறுத்திக்கொண்டேன். என்னை யாரும் அடிக்கவில்லை, தடுக்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் மாமியார் பேசாமல் தட்டை வைப்பார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடிக்காமலே, ‘பிள்ளைங்க உன்னைத் தேடிச்சு’ என்பார். அவ்வளவுதான். பேப்பரை மடித்துவிட்டு அவர் பிள்ளைகளைத் தூங்க வைத்திருக்கலாம் என்று அன்றைக்கு எனக்கே தோன்றவில்லை. அவர் நல்ல மனிதர், இந்தப் பதிவையும் படிப்பார்.

ஐந்தாம் வகுப்புப் பெண் கேட்டது இதைத்தான். நம் வீட்டில் எத்தனை முத்துலட்சுமிகள் எட்டு மணிக்குத் திரும்பி வந்து பேச்சில்லாத தட்டைப் பார்த்து நின்றுபோனார்கள் என்று குழுவில் கைகூப்பியவர்கள் கணக்கெடுங்கள். என் மாணவர்களில் ஆண்பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது அப்பாக்கள். சம்பாதிக்கும் மனைவியைப் பெருமையாகச் சொல்கிறீர்கள், சந்தோஷம். அவள் சம்பளமில்லாத வேலைக்கு ஒரு சாயங்காலம் வெளியே போனால் சோறு வடிப்பது யார் என்று எனக்கு எழுதுங்கள்.

மாப்பிள்ளை வீட்டுக் கவலைப்பட்டவருக்குத் தனியாகப் பதில் இல்லை. 1914இல் ஒரு பெண் நிபந்தனை போட்டுக் கல்யாணம் செய்திருக்கிறாள் என்று மேலே எழுதிவிட்டேன்.

தம்பி மகளுக்கு முதல் பருவக் கட்டணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து நேற்றே கட்டிவிட்டேன். தம்பிக்குத் தெரியும். திட்ட நினைப்பவர்கள் குழுவில் அந்தப் பிள்ளையைத் திட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், என்னைத் திட்டலாம். காபி என் வீட்டுக்காரர் போடுவார், இப்போது நன்றாகவே போடுகிறார்.