பரணில் கிடக்கும் தோட்டாக் கருவி

மலைத்தோட்டப் பகுதிகளில் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டும்போதும், பாகப் பிரிவினையின்போதும் பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் துப்பாக்கியும் ஒன்று. சில வீடுகளில் அதனுடன் இன்னொரு கருவியும் இறங்குகிறது. மேசை விளிம்பில் திருகி மாட்டும் இரும்புச் சட்டம், ஒரு கைப்பிடி, மருந்து அளக்க ஒரு சிறு கிண்ணம், ஒரு டப்பா நிறையக் காலித் தோட்டாக் கூடுகள். பன்னிரண்டு போர் துப்பாக்கிக்கு வீட்டிலேயே தோட்டா கெட்டிக்கும் கருவி இது. சுட்டுப் போட்ட கூட்டிலிருந்து பழைய கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதை அழுத்துவதும், மருந்தும் அட்டை வில்லையும் ஈய ரவையும் இட்ட பிறகு கூட்டின் வாயை மடித்து மூடுவதும் இதன் வேலை. கடைத் தோட்டா எளிதில் கிடைக்காத காலத்தில் துரைமாரும் அவர்களுக்குப் பின் வந்த தோட்டக்காரர்களும் பயன்படுத்தியது.

“எண்ணெய் போட்டுச் சுற்றினால் நன்றாகவே ஓடுகிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்கு உதவாதா?” என்று வாரிசுதாரர்கள் கேட்கிறார்கள். உதவாது; மாட்டிப் பார்க்கவும் வேண்டாம் என்பதே என் கருத்து.

அமெரிக்காவில் இத்தகைய கருவி சாதாரண வீட்டுச் சாமான். தகப்பனார் விட்டுச் சென்றதை மகன் கொட்டகையில் மாட்டித் தன் வேட்டைக்குத் தானே தோட்டா கெட்டித்துக்கொள்வது அங்கே வழக்கம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு ஊரில் உள்ளவர்களுக்கு யோசனை சொல்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டாவுக்குத் தரும் விளக்கத்தில், தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் சேர்ந்தே வருகிறது. அதாவது, மருந்து ஒரு சிட்டிகைகூட இல்லாமல் அந்தச் சட்டம் மட்டும் உங்கள் பரணில் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு அது தோட்டாவே. உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே தவறு. தயாரிப்பது அதைவிடப் பெரிய குற்றம். தகப்பனாரிடம் துப்பாக்கி உரிமம் இருந்தது என்பது வாரிசைக் காப்பாற்றாது. நிலம் வாரிசுக்கு வருவது போல உரிமம் வருவதில்லை.

துப்பாக்கிக்காவது வழி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் பெற்றவர் காலமானால் சட்டப்படியான வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு மனுச் செய்யலாம். உரிமதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, அவர் 25 ஆண்டுகள் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அவர் உயிருடன் இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் இடமுண்டு. மனு முடிவாகும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ தாமதமின்றி ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். அதே நாளில் கருவியைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிடுவதே நல்லது.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டாலும் கருவியோடு வரும் மருந்து டப்பா இருக்கிறதே, அதுதான் எனக்கு அதிக அச்சம் தருவது. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ கரையான் தின்று போயிருக்கும். உள்ளே இருப்பது கரிமருந்தா, புகையில்லா மருந்தா என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. கரிமருந்துக்கென்று அமைந்த கிண்ணத்தால் புகையில்லா மருந்தை அதே அளவு அள்ளிப் போட்டால், சுடுகிறவரின் கையில் குழல் வெடிக்கும். தாத்தாவின் கிண்ணம் எந்த மருந்துக்கு உரியது என்பது தாத்தாவோடு போய்விட்டது. பழைய குழல்களில் சில, இரும்பும் எஃகும் முறுக்கிச் சேர்த்துச் செய்தவை. மேலே அழகான வரிவரியாகத் தெரியும். அவை புகையில்லா மருந்தின் அழுத்தத்துக்கு ஏற்றவையே அல்ல.

“ஐம்பது வருஷத்து மருந்து, செத்துப்போயிருக்கும்” என்பார்கள். அப்படி நம்ப வேண்டாம். ஈரம் படாத கரிமருந்து எத்தனை ஆண்டானாலும் பற்றும். ஒரு பீடிப் பொறி போதும். கேப்புகளும் அப்படியே, ஒரு தட்டுத் தட்டினால் வெடிக்கக்கூடியவை. குழந்தைகள் பொட்டு வெடி என்று எடுத்து விளையாடும் உருவத்தில் வேறு இருக்கின்றன.

கரிமருந்தில் இருக்கும் வெடியுப்பு, நம் உரக்கடையில் 13-0-45 என்ற எண்ணோடு விற்கும் பொட்டாசியம் நைட்ரேட்டேதான். இதைத் தெரிந்துகொண்ட சில படித்த இளைஞர்கள், மருந்தைத் தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றிவிடலாமே என்கிறார்கள். டப்பாவில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது உரக்கணக்குப் போடுவது விபரீதம். எரிப்பது, புதைப்பது, கிணற்றில் போடுவது எதுவும் வேண்டாம். பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போவதும் வேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, எழுத்து மூலம் தகவல் கொடுத்து, அவர்களை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சில பெட்டிகளில் குண்டு வார்க்கும் அச்சும் இருக்கும். ஈயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். வீட்டு அடுப்பே போதும். அதனால்தான் ஆபத்து. அதன் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கின்றன. இதற்கு மேல் போனால்தான் தீங்கு என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது. வேட்டை மலிந்த அமெரிக்காவிலேயே கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றிலும் தடை செய்துவிட்டது. சுடப்பட்ட விலங்கின் மிச்சத்தைத் தின்று காண்டார் என்னும் பெருங்கழுகுகள் செத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சரி, பன்றிக்கு என்ன வழி? கேள்வி நியாயமானது. ஓர் இரவில் மரவள்ளிக் காட்டையும் நிலக்கடலைக் காட்டையும் உழுது போட்டுவிட்டுப் போகும் பிராணியைப் பார்த்துப் பொறுமையாக இரு என்று சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை. ஆனால் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பாதுகாப்புப் பெற்ற பிராணியே. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கொண்டு சுடச் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரி அரசாணை, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுட வழி செய்தது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கும் உள்ளே என்றால் சுடுவதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. மலையடிவார விவசாயிக்குத் தொல்லை மிகுதி, நிவாரணம் குறைவு என்பது இந்த ஏற்பாட்டின் குறை. அதைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் குறைதீர் நாள் கூட்டம். முறையாகப் பதிவு செய்த சூரியசக்தி வேலியை நாலைந்து பேர் சேர்ந்து போட்டால் செலவும் தாங்கும். தாத்தாவின் கருவியில் கெட்டித்த தோட்டாவால் ஒரு பன்றி விழலாம். மறுநாள் வழக்கில் விழுவது விவசாயி.

அதிகாரிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. இந்தச் சாமான்களை மக்கள் ஒளித்து வைப்பது ஆசையினால் அல்ல, பயத்தினால். “இத்தனை நாள் ஏன் வைத்திருந்தாய்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று எண்ணிப் பரணிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த மருந்து ஒரு நாள் அவுட்டுக்காய் செய்கிறவன் கைக்குப் போகிறது. அதைக் கடித்து வாய் கிழிந்த பசுவைப் பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை புரியும். தானாக முன்வந்து கொடுக்கிறவர்மீது வழக்கு இல்லை என்று அரசு தெளிவாக அறிவிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழையும் பழைய உரிமப் புத்தகத்தையும் காட்டி ஒப்படைக்க மலைத் தாலுகாக்களில் மாதம் ஒரு நாள் குறிக்கலாம். வாரிசு உரிம மனுக்களையும் அன்றே வாங்கிக்கொள்ளலாம். அது சந்தை கூடும் நாளாக இருந்தால் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.